பழைய தொடர்கள் திரும்பி வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடிந்துபோன ஒரு டிவி தொடர் திரும்பி வரப்போகிறது என்று செய்தி படித்தால் எனக்கு முதலில் சந்தோஷம் வரும், அரை நிமிடத்தில் பயமும் வரும். நாம் வாழ்ந்துவிட்டு வந்த வீட்டை யாரோ மறுபடி திறக்கிறார்களே, உள்ளே என்ன செய்து வைப்பார்களோ என்ற பயம். அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களையும் அவற்றின் வாரிசுகளையும் பல வருடங்களாகத் தேடித்தேடிப் பார்த்து வருகிறேன். அதனால் நண்பர்களும் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பதில்களில் சில தொடர்களின் முடிவுகள் வந்துவிடும். அதைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை.

ஸ்பின்-ஆஃப், ரிவைவல், ரீபூட், ரீயூனியன் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஸ்பின்-ஆஃப் என்றால் கிளைத் தொடர். ஒரு பாத்திரம் தாய்வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போகிறது. ரிவைவல் என்றால் அதே ஆட்கள், அதே கதை, பல வருட இடைவெளிக்கு அப்புறம். ரீபூட் என்றால் பெயரையும் கருவையும் மட்டும் வைத்துக்கொண்டு புது ஆட்களோடு முதலிலிருந்து தொடங்குவது. ரீயூனியனில் இரண்டு வகை உண்டு. பாத்திரங்கள் மறுபடி சந்திக்கும் கதைப்படம் ஒன்று, நடிகர்கள் நடிகர்களாகவே உட்கார்ந்து பழைய கதை பேசுவது இன்னொன்று.

இந்தக் கோடுகள் சில இடங்களில் அழிந்துபோகும். 'டாக்டர் ஹூ' 1963ல் தொடங்கி 1989ல் நின்றது. நடுவில் 1996ல் ஒரு படம் வந்தது, 2005ல் தொடர் திரும்பியது. நாயகனின் உடம்பே மாறிக்கொண்டிருக்கும் கதை அது. புது நடிகர் வந்தாலும் பழைய ஆள்தான். அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

ஒரு ஸ்பின்-ஆஃப் எப்படிப் பிறக்கிறது?

பெரும்பாலும் திட்டம் போட்டுத்தான். இதற்கு 'பேக்டோர் பைலட்' என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் ஒரு எபிசோடில் புதுப் பாத்திரத்தை நுழைத்து, மக்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். 1960 பிப்ரவரியில் 'தி டேனி தாமஸ் ஷோ'வில் நாயகன் காரில் ஒரு சின்ன ஊரைக் கடக்கும்போது நிறுத்தக் குறியை மதிக்காமல் போய் மாட்டிக்கொள்வார். பிடித்த ஷெரீப் பெயர் ஆண்டி டெய்லர். அதே வருட அக்டோபரில் 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' தொடங்கி 249 எபிசோட் ஓடியது.

ராபின் வில்லியம்ஸும் அப்படித்தான் வந்தார். 1950களின் அமெரிக்காவில் நடக்கும் 'ஹேப்பி டேஸ்' குடும்பக் கதைக்குள் 1978 பிப்ரவரியில் மோர்க் என்ற வேற்றுக்கிரகவாசியாக நுழைந்தார். சம்பந்தமே இல்லாத விருந்தாளி. ஆனால் அந்த ஒரே எபிசோடில் அவர் செய்த அட்டகாசத்தைப் பார்த்து, அந்த வருடமே 'மோர்க் அண்ட் மிண்டி' கொடுத்துவிட்டார்கள்.

கிளை விட்டுக் கிளை விட்டு ஒரு தோப்பாகவே ஆன தொடர் என்றால், நார்மன் லியர் உருவாக்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' (1971-79). அந்த வீட்டு அம்மாவின் உறவுக்காரப் பெண் 'மாட்' தொடருக்குப் போனாள். மாட் வீட்டில் வேலை பார்த்த ஃப்ளோரிடா 'குட் டைம்ஸ்' தொடருக்குப் போனாள். பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பம் 'தி ஜெஃபர்சன்ஸ்' ஆகி 1975 முதல் 1985 வரை 253 எபிசோட் ஓடி, தாய்த் தொடரையே தாண்டியது. ஜெஃபர்சன் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் 1981ல் 'செக்கிங் இன்' என்று ஒரு தொடர் கொடுத்தார்கள். நான்கே எபிசோட். அவள் பழைய வீட்டுக்கே வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

'ஃப்ரேசியர்' ஏன் ஜெயித்தது, 'ஜோயி' ஏன் தோற்றது? இரண்டுமே பெரிய ஹிட் தொடரின் கிளைகள்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

பாஸ்டனில் ஒரு மதுக்கூடம், அங்கே தினமும் வந்து உட்காரும் மனிதர்கள்: அதுதான் 'சியர்ஸ்' (1982-93). ஃப்ரேசியர் கிரேன் என்ற மனநல மருத்துவர் அங்கே 1984ல், மூன்றாவது சீசனில்தான் வந்தார். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர் தங்கிவிட்டார். 'சியர்ஸ்' முடிந்ததும் அவருக்குத் தனித் தொடர் கொடுத்தபோது, எழுதியவர்கள் முதலில் செய்த காரியம் அவரை நாட்டின் மறுகோடிக்கு, சியாட்டில் நகரத்துக்கு அனுப்பியது. பழைய ஆட்கள் அடிக்கடி கதவைத் தட்ட முடியாத தூரம். அங்கே அவருக்கு ஓர் அப்பாவைக் கொடுத்தார்கள், ஒரு தம்பியைக் கொடுத்தார்கள். மதுக்கூடத்தில் எல்லோரையும்விடப் படித்தவராக உட்கார்ந்திருந்தவர், இங்கே ஓய்வுபெற்ற போலீஸ்காரரான அப்பாவுக்கு முன்னால் இன்னும் பிள்ளைதான். அப்பாவின் கிழிந்துபோன சாய்வு நாற்காலி அந்த அழகான வீட்டின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினோரு சீசன், 264 எபிசோட், அமெரிக்க டிவி உலகின் பெரிய விருதான எம்மி 37.

ஒரு சிக்கல் இருந்தது. 'சியர்ஸ்' நாட்களில் தன் அப்பா இறந்துவிட்டதாகவும், அவர் ஒரு விஞ்ஞானி என்றும் ஃப்ரேசியர் சொல்லியிருப்பார். எழுத்தாளர்கள் இதை மறந்ததுபோல நடித்திருக்கலாம். ஆனால் 1995ல் பழைய மதுக்கூட முதலாளி சாம் மலோன் சியாட்டிலுக்கு விருந்தாளியாக வந்தபோது, அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "இவர் செத்துப்போனதாகச் சொன்னாயே" என்று கேட்டுவிடுகிறார். அப்போது அப்பாவோடு சண்டை, கோபத்தில் சொல்லிவிட்டேன் என்கிறார் ஃப்ரேசியர். அப்பாவின் முகத்தைப் பாருங்கள். பழைய தொடரில் இருந்த ஓட்டையையே ஒரு மகனின் குற்றவுணர்வாக மாற்றிவிட்டார்கள். இந்த அக்கறைதான் நல்ல கிளைத் தொடரின் அடையாளம் என்று நினைக்கிறேன்.

'ஜோயி' கதை வேறு. 'ஃப்ரெண்ட்ஸ்' 2004ல் முடிந்தது, அதே வருடம் ஜோயி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனான். ஊரை மாற்றினார்கள், ஆனால் ஆளை மாற்றவில்லை. ஆறு நண்பர்களுக்கு நடுவில் ஆறில் ஒரு பங்காக இருந்ததால்தான் அவன் வெகுளித்தனம் ருசித்தது. நண்பன் சாண்ட்லர் எதிரில் இல்லாமல் ஜோயியின் முட்டாள்தனம் எங்கே போய் மோதும்? ஜோயியாக நடித்த மேட் லபிளாங்க் மேல் தப்பே இல்லை. இரண்டு சீசனில் 2006ல் நின்றுவிட்டது.

'மேஷ்' தொடருக்கும் இதுதான் நடந்தது. கொரியப் போர் மூன்று வருடம் நடந்தது, அந்தப் போர்க்கள மருத்துவமனையைப் பற்றிய தொடர் பதினோரு வருடம் ஓடியது. 1983 பிப்ரவரி 28ல் அதன் கடைசி எபிசோடை அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த வருடமே 'ஆஃப்டர்மேஷ்' வந்தது. மூன்று பாத்திரங்கள் மிசூரியில் முன்னாள் வீரர்கள் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார்கள். நல்ல மனிதர்கள், நல்ல எண்ணம். ஆனால் கூடாரமும் இல்லை, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தமும் இல்லை, எப்போது வீட்டுக்குப் போவோம் என்ற தவிப்பும் இல்லை. அவர்கள்தான் வீட்டுக்கு வந்துவிட்டார்களே.

நகைச்சுவைத் தொடரிலிருந்து சீரியஸான தொடர் வந்ததுண்டா?

உண்டு, 'லூ கிராண்ட்'. 'தி மேரி டைலர் மூர் ஷோ'வில் உறுமிக்கொண்டே இருக்கும் டிவி செய்திப் பிரிவுத் தலைவர் லூ. 1977ல் அது முடிந்ததும், அதே மனிதர் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நாளிதழின் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். அரை மணி நேர சிட்காம் ஒரு மணி நேர டிராமா ஆனது, பார்வையாளர் சிரிப்பும் போனது. ஒரே பாத்திரத்துக்காக நகைச்சுவையிலும் டிராமாவிலும் எம்மி வாங்கினார் எட் ஆஸ்னர்.

திரையில் வராத பாத்திரத்துக்குத் தொடர் எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். துப்பறியும் கொலம்போ பேச்சுக்குப் பேச்சு "என் மனைவி" என்பார். அவரைத் திரையில் ஒருமுறைகூடக் காட்டியதில்லை. அந்த மனைவியை நாம் ஒவ்வொருவரும் மனதில் ஒவ்வொரு விதமாக வரைந்து வைத்திருப்போம். 1979ல் 'மிஸஸ் கொலம்போ' என்று எடுத்து, இருபதுகளில் இருந்த கேட் மல்க்ரூவை நடிக்க வைத்தார்கள். நல்ல நடிகை. ஆனால் வருடக்கணக்காக நாம் கேட்டு வந்த பெண் இவர் இல்லை. பார்ப்பவர்கள் ஏற்கவில்லை. அப்புறம் தொடரின் பெயரை மாற்றினார்கள், பாத்திரத்தை விவாகரத்தானவர் ஆக்கினார்கள், கொலம்போ சம்பந்தத்தையே அழிக்கப் பார்த்தார்கள். 1980ல் நின்றது. பீட்டர் ஃபாக் 1989ல் கொலம்போவாகத் திரும்பி 2003 வரை நடித்தார். "என் மனைவி" அப்போதும் பேச்சில் வந்தார், திரையில் வரவில்லை.

நடுவில் ஒரு நடிகர் இறந்துவிட்டால் என்ன செய்கிறார்கள்?

ஒரு ரிவைவலின் தரத்தை நான் எடை போடுவது இந்த இடத்தில்தான். இறந்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

வழக்கறிஞர் 'பெரி மேசன்' தொடர் 1957 முதல் 1966 வரை ஓடியது. ரேமண்ட் பர் பெரியாகவும் பார்பரா ஹேல் அவருடைய செயலாளர் டெல்லாவாகவும் நடித்தார்கள். துப்பறிவாளர் பால் டிரேக்காக நடித்த வில்லியம் ஹாப்பர் 1970ல் இறந்துவிட்டார். 1985ல் தொடரைப் படமாகத் திரும்பக் கொண்டுவந்தபோது இன்னொருவரைப் பால் டிரேக் ஆக்கவில்லை. அவருடைய மகன் என்று பால் டிரேக் ஜூனியரைக் கொண்டுவந்தார்கள். அந்த வேடத்தில் நடித்த வில்லியம் கேட், நிஜத்தில் பார்பரா ஹேலின் மகன். கதையும் அப்படியே மனதைத் தொடும். டெல்லா மேல் கொலைப் பழி விழுகிறது, நீதிபதியாகிவிட்ட பெரி மேசன் அவளுக்காக வாதாட நீதிபதி பதவியை விட்டு இறங்குகிறார். இத்தனை வருடம் அந்த இருவருக்கும் நடுவில் சொல்லாமலே இருந்தது என்ன என்பதற்கு அதைவிட நல்ல பதில் யாரால் எழுத முடியும்? ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1993ல் இறக்கும் வரை ரேமண்ட் பர் 26 படங்களில் பெரியாக நடித்தார்.

'கில்மோர் கேர்ள்ஸ்' 2016ல் நான்கு நீள எபிசோடுகளாகத் திரும்பியது. தாத்தா ரிச்சர்டாக நடித்த எட்வர்ட் ஹெர்மன் 2014 கடைசியில் இறந்திருந்தார். அந்த இழப்பைக் கதையின் நடுவிலேயே வைத்தார்கள். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவர் போன பிறகு பாட்டி எமிலி வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே போடத் துணிகிறார். எனக்கு அந்த ரிவைவலில் பல குறைகள் தெரிகின்றன, ஆனால் எமிலி வரும் காட்சிகளில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 'ட்வின் பீக்ஸ்'. 1991ல் நின்ற தொடர் 2017ல் திரும்பியது. எப்போதும் ஒரு மரக்கட்டையைக் கையில் ஏந்தியபடி வரும் மார்கரெட்டாக நடித்த கேத்தரின் கோல்சன் அப்போது கடும் நோயில் இருந்தார். தன் காட்சிகளை நடித்துக் கொடுத்துவிட்டு, 2015 செப்டம்பரில், சில நாட்களிலேயே காலமானார். கதையிலும் மார்கரெட் சாகப்போகிறாள். முடி கொட்டிய தலையோடு, இருட்டு வீட்டில் இருந்து, துணை ஷெரீப் ஹாக்குக்குப் போன் செய்து விடைபெறுகிறாள். பேசுவது பாத்திரமா நடிகையா என்று பிரிக்க முடியாது. ஹாக் போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது நம் கையிலும் ஒரு போன் இருப்பதுபோல் இருக்கும்.

நடிகர் உயிரோடு இருந்தும் வர மறுத்தால்?

வேறு ஆளைப் போடுவார்கள், அல்லது பாத்திரத்தை வெளியூர் அனுப்புவார்கள். ஆள் மாற்றுவது அநேகமாகச் சரிப்படாது. 'ஐ டிரீம் ஆஃப் ஜீனி' 1985ல் ரீயூனியன் படமாக வந்தபோது பழைய நாயகன் லாரி ஹேக்மன் இல்லை, அவர் இடத்தில் வேய்ன் ராஜர்ஸ். முழுப் படத்திலும் கண் பழைய முகத்தையே தேடும். 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' படங்களிலும் நடிகை ஜிஞ்சர் வேடத்துக்கு டினா லூயிஸ் திரும்பவில்லை, வேறு பெண்தான்.

'டாக்டர் ஹூ' 1983ல் இருபதாவது ஆண்டுக்கு, நாயகன் டாக்டரின் ஐந்து உருவங்களையும் ஒரே கதையில் சேர்க்கப் பார்த்தது. நான்காவது டாக்டராக நடித்த டாம் பேக்கர் வர மறுத்தார். வேலைநிறுத்தத்தால் பாதியில் கைவிட்ட ஒரு பழைய கதையில் அவர் நடித்த காட்சிகளை எடுத்து ஒட்டினார்கள். விளம்பரப் புகைப்படத்துக்கு மெழுகுச் சிலையை நிறுத்தினார்கள்! அதே பேக்கர் 2013ல் ஐம்பதாவது ஆண்டு எபிசோடின் கடைசியில், நரைத்த தலையோடு, ஒரே ஒரு காட்சிக்கு வந்தார். முப்பது வருடம் காத்திருந்த ரசிகர்களுக்கு அந்த ஒரு காட்சி போதுமானதாக இருந்தது.

2023ல் திரும்பிய 'ஃப்ரேசியர்' தொடரில் தம்பி நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் சேரவில்லை. அப்பாவாக நடித்த ஜான் மஹோனி 2018லேயே காலமாகிவிட்டார். ஃப்ரேசியராக நடித்த கெல்சி கிராமர் தன்னால் முடிந்ததைச் செய்தார், அப்பாவின் மறைவைக் கௌரவமாகவும் சொன்னார்கள். இருந்தாலும் அண்ணன் பேச ஆரம்பித்தால் தம்பி முடிக்கும் அந்தத் தாளம் இல்லாமல் வீடு காலியாகத் தெரிந்தது. இரண்டு சீசனோடு நின்றுபோனது.

ஒருமுறை முடித்த கதையை மாற்றி எழுதுவது நியாயமா?

எனக்கு இதில் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டனின் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' தொடரில் டெல்லும் ராட்னியும் "அடுத்த வருடம் நாம் கோடீஸ்வரர்கள்" என்று 1981 முதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1996 கிறிஸ்துமஸ் காலத்தில் அது நடந்தேவிட்டது. குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஒரு கடிகாரம் அபூர்வப் பொருள் என்று தெரிந்து, ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போகிறது. ஏலம் ஏற ஏற டெல் மயங்கி விழுகிறான். கடைசியில் அண்ணன், தம்பி, சின்னத் தாத்தா ஆல்பர்ட் மூவரும் அந்தி வெளிச்சத்தில் நடந்து போகிறார்கள். 2.43 கோடிப் பேர் பார்த்த எபிசோட். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. ஆனால் 2001ல் திரும்ப வந்து, பங்குச் சந்தை சரிந்து எல்லாப் பணமும் போய்விட்டது என்று அவர்களைப் பழைய குடியிருப்புக்கே இறக்கிவிட்டார்கள். அந்தப் பதினைந்து வருடக் காத்திருப்புக்குக் கிடைத்த பரிசைப் பிடுங்கியதுபோல் இருந்தது. ஆல்பர்ட்டாக நடித்தவரும் அதற்குள் இறந்துவிட்டார். அவருக்கு விடைகொடுத்ததை மட்டும் அழகாகச் செய்தார்கள்.

'ரோசன்' வேறு விதம். 1997ல் முடிந்தபோது, கணவர் டான் மாரடைப்பில் இறந்துவிட்டார், கடைசி சீசனில் நாம் பார்த்ததெல்லாம் மனைவியின் எழுத்து என்று முடித்திருந்தார்கள். 2018ல் டான் உயிரோடு வந்துவிட்டார். ஆரம்பத்திலேயே அதைத் தொட்டுக் கடந்தார்கள். இது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, அந்தப் பழைய முடிவு பலருக்கும் ஒட்டவே இல்லை. அப்புறம் நாயகியாக நடித்த ரோசன் பார் வெளியிட்ட ஓர் இனவாதப் பதிவுக்காகத் தொடரே ரத்தானது. மிச்ச குடும்பம் 'தி கானர்ஸ்' என்று அந்த வருடமே தொடர்ந்து 2025 வரை ஓடியது. நாயகி இல்லாமல் போன வீடு எப்படிச் சமாளிக்கிறது என்பதே கதையாகிவிட்டது.

'டல்லாஸ்' கனவு சமாச்சாரம் கிளைத் தொடரையும் பாதித்ததாமே?

ஆமாம், வேடிக்கையான விபத்து. 'டல்லாஸ்' தொடரில் பாபி இறந்தார். ஒரு சீசன் முழுக்க அழுதார்கள். 1986ல் நடிகர் திரும்ப வரச் சம்மதித்ததும், அந்த சீசனே மனைவி கண்ட கனவு என்று பாபியைக் குளியலறையில் காட்டினார்கள். ஆனால் கிளைத் தொடரான 'நாட்ஸ் லேண்டிங்'கில் அந்தச் சாவுக்கு ஏற்கெனவே துக்கம் காத்தாயிற்று. குழந்தைக்குப் பாபி என்று பேரும் வைத்தாயிற்று. அதை யார் கனவு என்பது? அவர்கள் கண்டுகொள்ளாமல் தங்கள் வழியில் போனார்கள், இரண்டு தொடர்களுக்கும் போக்குவரத்து நின்றது. ஒரு தொடரில் உயிரோடு இருப்பவர் இன்னொன்றில் இறந்தவர்.

ரசிகர்கள் கேட்டால் தொடர் திரும்பி வருமா?

சில நேரம் வரும். 1968ல் கடிதங்கள் குவிந்ததால் 'ஸ்டார் ட்ரெக்' மூன்றாவது சீசன் வரை தாக்குப்பிடித்தது. மொத்தம் 79 எபிசோட்தான், ஆனால் மறுஒளிபரப்பில் புதுத் தலைமுறையே சேர்ந்துகொண்டது. 2007ல் 'ஜெரிகோ' ரசிகர்கள் டன் கணக்கில் வேர்க்கடலையை டிவி நிறுவனத்துக்கு அனுப்பி ஏழு எபிசோட் வாங்கிக்கொண்டார்கள். 2013ல் 'வெரோனிகா மார்ஸ்' படத்துக்கு 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 57 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஆனால் அடுத்த வருடம் திரும்பத் தொடரும் அளவுக்கு ஆதரவு வருமா என்பது வேறு விஷயம். 'ஜெரிகோ' அந்த ஏழோடு முடிந்தது.

முன்கதைத் தொடரில் என்ன சுவாரஸ்யம்? முடிவுதான் தெரியுமே?

'பெட்டர் கால் சால்' (2015-22) பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். 'பிரேக்கிங் பேட்' கதையின் தில்லுமுல்லு வக்கீல் சால் எப்படி அப்படி ஆனான் என்பது கதை. அவனுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் கிம் வெக்ஸ்லர் என்ற பெண் பழைய தொடரில் எங்குமே இல்லை. இவ்வளவு நல்லவள், இவ்வளவு நெருக்கமானவள், அங்கே ஏன் இல்லை? செத்துவிட்டாளா, விட்டுப் போய்விட்டாளா? ஆறு சீசனும் அந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கும்.

நடிகர்கள் உட்கார்ந்து பேசும் ரீயூனியன் பார்க்கத் தகுந்ததா?

மனநிலையைப் பொறுத்தது. 'ஃப்ரெண்ட்ஸ்: தி ரீயூனியன்' 2021 மே மாதம் வந்தது. புதுக்கதை கிடையாது. அதே படப்பிடிப்புத் தளத்தில் பழைய செட்டை மறுபடி போட்டு, ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைகிறார்கள். அந்த முதல் சில நிமிடங்கள் போதும், மீதி எனக்குக் கொஞ்சம் அதிகம். சாண்ட்லராக நடித்த மேத்யூ பெரி 2023 அக்டோபரில் இறந்த பிறகு திரும்பப் பார்த்தேன். அப்போது மீதியும் அதிகமாகத் தெரியவில்லை.

கடைசியில் இதெல்லாம் பழைய நினைவை விற்கும் வியாபாரம்தானே?

வியாபாரம் உண்டு. தெரிந்த பெயர் இருந்தால் விளம்பரச் செலவு குறையும், பழைய சீசன்களையும் மறுபடி பார்ப்பார்கள். ஆனால் அது மட்டும்தான் என்று சொன்னால் ஸ்காட்டிக்கு அநியாயம் செய்வோம்.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1992ல் ஒரு எபிசோடில் பழைய கப்பலின் பொறியாளர் ஸ்காட்டியைக் கொண்டுவந்தது. ஜேம்ஸ் டூஹான்தான் நடித்தார். கதைப்படி 75 வருடம் ஓர் இயந்திரத்துக்குள் உறைந்து கிடந்து எழுந்திருக்கிறார். புதுக் கப்பலின் இன்ஜின் அறையில் உதவப் போய், இடைஞ்சலாகி, இளைஞர்களிடம் முகம் சுளிக்கப்படுகிறார். அப்புறம் தனியாக, எதையும் தத்ரூபமாக உருவாக்கிக் காட்டும் அறைக்குப் போய், என் கப்பலின் தளத்தைக் காட்டு என்கிறார். இந்தப் பெயரில் ஐந்து கப்பல்கள் உண்டு, எது வேண்டும் என்று கணினி கேட்கிறது. முதலாவது, எண்ணுக்குப் பின்னால் எழுத்தே ஒட்டாதது என்கிறார். கதவு திறந்தால் 1960களின் அந்தத் தளம், அந்தச் சிவப்பும் சாம்பலும், அந்தக் கருவிச் சத்தம். ஆள் யாரும் இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துக் கோப்பையை உயர்த்துகிறார்.

இதோடு விட்டிருந்தால் அது நினைவு வியாபாரம். ஆனால் புதுக் கப்பலின் கேப்டன் பிக்கார்ட் வந்து சேர்கிறார், தன் முதல் கப்பலைப் பற்றிப் பேசுகிறார், இரண்டு கிழவர்கள் முதல் காதலைப் பற்றிப் பேசுவதுபோல. அப்புறம் ஸ்காட்டியே கணினியிடம் இதை அணைத்துவிடு என்கிறார். தளம் மறைகிறது. மறுநாள் அவருடைய பழைய அனுபவம்தான் புதுக் கப்பலைக் காப்பாற்றுகிறது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ஒரே ஒரு குடும்பம் சொல்வதென்றால் ஆக்ஸ்போர்டில் நடக்கும் 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' (1987-2000). ஜான் தா மோர்ஸாகவும் கெவின் வேட்லி அவருடைய உதவியாளர் லூயிஸாகவும் 33 எபிசோட். 2002ல் ஜான் தா காலமானார். 2006ல் லூயிஸ் தானே இன்ஸ்பெக்டராகி இன்னொரு 33 எபிசோட். 2012ல் மோர்ஸின் இளமைக் காலத்தைச் சொல்லும் 'எண்டெவர்', ஷான் எவன்ஸ் நடிப்பில்.

காலவரிசைப்படி இளமையிலிருந்து தொடங்காதீர்கள். வெளிவந்த வரிசையில் மோர்ஸ், லூயிஸ், அப்புறம் எண்டெவர் என்று பாருங்கள். காரணம் எண்டெவரின் முதல் படத்தின் கடைசிக் காட்சி. இன்னும் இருபது வருடத்தில் நீ எங்கே இருப்பாய் என்று மேலதிகாரி கேட்கிறார். காரோட்டிக்கொண்டிருக்கும் இளைஞன் பதில் சொல்லாமல் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கிறான். அதில் தெரிபவை ஜான் தாவின் கண்கள். பின்னால் பழைய தொடரின் இசை எழுகிறது. அதே படத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியராக வரும் பெண் அவனைப் பார்த்து, நாம் முன்பே சந்தித்திருக்கிறோமா என்று கேட்பார். கேட்டவர் அபிகெய்ல் தா, ஜான் தாவின் மகள்.